ஆறறிவு யானை: நீலகிரி உருவக் காட்சி பற்றிய ஓர் ஆய்வு

உதகமண்டலத்தின் ஒரு பகுதியாகிய காந்தல், குருசடித் திருத்தலத்தால் வெளியூராரும் அறிந்த இடமாகும். மலைச்சரிவில் வீடுகள் நெருங்கி அமைந்த அவ்வூரின் பெயரைக் காந்தள் மலரோடு இணைத்துக் காண நெஞ்சம் விழையும். குறிஞ்சித் திணைக்கு அஃது எத்துணைப் பொருத்தம்! எனினும், ளகரம் லகரமாய்த் திரிந்தமைக்குச் சான்று காட்டாது அதனை ஆய்விதழில் ஏற்றுதல் முறையன்று; அது நிற்க. ஆங்கு யாம் குடியிருக்கும் தெருவில் சென்ற மழைக்காலத்து ஒரு விடியலில் காட்டெருமை ஒன்று வந்து நின்றது. அடுத்த வீட்டு மூதாட்டியார் கதவைப் பாதி திறந்து, “போ சாமி, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்” என்றார். சிறிது பொழுது நின்ற விலங்கு பின்னர்த் தேயிலைச் சரிவை நோக்கி ஏறிச் சென்றது. அது கேட்டுத்தான் சென்றது என யாம் கூறவில்லை. ஆனால், அம்மூதாட்டியார் கேட்கும் என்றே பேசினார். அவ்வொரு தொடரே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கேளாதவற்றைக் கேட்பன போலவும், பேசாதவற்றைப் பேசுவன போலவும், இயங்காதவற்றை இயங்குவன போலவும் கூறும் வழக்கைப் பவணந்தியார் நன்னூலின் பொதுவியலுள் ஏற்றுக்கொண்டார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியர் செய்யுளியலில் ஞாயிறு, திங்கள், அறிவு, நாண், கடல், கானல், விலங்கு, மரம், பொழுது, புள், நெஞ்சு எனப் பெயர் சுட்டி எண்ணி, இவை சொல்லுவன போலவும் கேட்பன போலவும் அமையும் என்றார். இவ்விரு நூற்பாக்களையும் மாணவர் மனப்பாடம் செய்வர். அணியிலக்கணத்தின் முன்னோடி என்று ஒரு வரி எழுதி மதிப்பெண் பெறுவர். இவ்வழக்கிற்குப் பின்னே உலகையும் உயிர்களையும் பற்றிய ஒரு கொள்கை நிற்பதை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. அதனை ஆராய்தற்கு ஏற்ற வாய்ப்பொன்றை நீலகிரியிலிருந்தே புறப்பட்ட உருவக் காட்சி ஒன்று நமக்கு அளித்துள்ளது.

கூடலூர்ப் பகுதியில் வாழும் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிக் கைவினைஞர் உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு யானைகளை உருவாக்கி வருகின்றனர். ‘ரியல் எலிபண்ட் கலெக்டிவ்’ என்பது அவ்வமைப்பின் பெயர். மனிதரும் யானையும் ஒரே நிலத்தில் வாழ்தல் பற்றி ஆய்ந்துவரும் தர்ஷ் தேக்கேகரா, ஓவியர் சுப்ரா நாயர் ஆகியோர் இம்முயற்சியில் முன்னின்றவர்கள். மார்க் ஷாண்ட் 2002-இல் இங்கிலாந்தில் நிறுவிய ‘எலிபண்ட் பேமிலி’ என்னும் அறக்கட்டளை இவ்வுருவங்களை 2021-இல் இலண்டனின் கிரீன் பார்க், செயிண்ட் ஜேம்ஸ் பார்க் முதலிய பூங்காக்களில் நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் அவை பெங்களூரில் நின்றன. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி, செப்டம்பரில் நியூயார்க், டிசம்பரில் மயாமி கடற்கரை என நூறு யானைகள் ஊர்வலம்போல் ஊர் ஊராகச் சென்றன. யாம் அவற்றைப் பெங்களூர் லால்பாக்கில் கண்டோம்.

செய்யும் முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். இரும்புக் கம்பிகளை வளைத்து யானையின் உடற்கூடு அமைக்கப்படுகின்றது. காட்டில் வெட்டிய உண்ணித் தண்டுகளைக் கொதிநீரில் இட்டு, பட்டையுரித்து, நெகிழ்ந்த நிலையில் கூட்டின்மேல் ஒன்றையொன்று அடுத்துப் பொருத்துகின்றனர். தண்டுகள் உடலின் வளைவைப் பின்பற்றி ஓடுவதால் யானைத்தோலின் மடிப்பும் சுருக்கமும் தாமே தோன்றிவிடுகின்றன. அருகிற் சென்றால் குச்சிகள். பத்தடி விலகினால் யானை.

உண்ணிச்செடி இந்நாட்டுச் செடியன்று. அமெரிக்க வெப்பநாடுகளைத் தாயகமாகக் கொண்ட அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகிற்காக இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. வேலி தாண்டிக் காடு புகுந்தது. முதுமலைக் காட்டிலும் பெரும்பரப்பைக் கவர்ந்துகொண்டது. அதன் புதருக்கடியில் புல் வளராது; புல் இல்லையேல் யானைக்கு இரை குறையும். எனவே, யானையின் உணவை அழிக்கும் செடியே இங்கு யானைக்கு உடலாயிற்று. இம்முரண் கண்காட்சியாளர் வலிந்து புனைந்த அணியன்று. பொருளிலேயே கிடந்த முரண். அழகு காட்ட வந்த செடி, காட்டைக் கெடுத்தபின், மீண்டும் அழகு காட்டும் பூங்காவிற்கே யானையாய்த் திரும்புகின்றது. இவ்வொரு காரணத்தினாலேயே இதனைப் பிற உருவக் காட்சிகளோடு ஒருங்கு வைத்தல் பொருந்தாது என்பது எம் கருத்து.

பிற காட்சிகள் நீலகிரிக்குப் புதியன அல்ல. ஆண்டுதோறும் மே மாதத்தில் உதகை அரசு தாவரவியற் பூங்காவில் மலர்க்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சியும், கோத்தகிரியில் காய்கறிக் காட்சியும் நிகழ்கின்றன. மலரால் மயில், திராட்சையால் யானை, கத்தரிக்காயால் பறவை என அமைத்து வைப்பர். குழந்தைகள் மகிழ்வர், யாமும் எம் மக்களை அழைத்துச் சென்றதுண்டு. அவற்றைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும், ஆங்குத் திராட்சை திராட்சையாக நின்று பொருள் தருவதில்லை. நிறமுள்ள கல்லாக மட்டுமே நிற்கின்றது. அதனால் அமைந்த யானையும் எந்த யானையும் அன்று. யானை என்னும் பெயருக்கு உரிய படம், அவ்வளவே. புன்னகை பூண்ட முகமும் மனிதரைப்போல் உயர்த்திய கையும் அதற்குத் தரப்படுவது இதனாலேயே. தனக்கென ஓர் இயல்பில்லாத உருவத்திற்கு மனித இயல்பை முகமூடியாக மாட்டிவிடுதல் எளிது.

முகமூடி முறை இலக்கியத்திற்கும் உரியது. தாண்டவராய முதலியார் தமிழில் தந்த பஞ்சதந்திரத்தில் வரும் நரிகள் அமைச்சர்கள். சிங்கம் செவி மெலிந்த அரசன். அவ்விலங்குகளின் தோலை உரித்தால் உள்ளே அரண்மனை இருக்குமேயன்றிக் காடு இராது. நீதி உரைப்பதற்கு அம்முறை சிறந்ததே. ஆனால், அதனைக் கொண்டே விலங்கை நோக்கும் தமிழ் மரபு முழுவதையும் அளத்தல் தவறாம்.

சங்கச் செய்யுள் வேறு வழியிற் செல்கின்றது. குறுந்தொகையின் 37-ஆம் பாட்டில், பாலை பாடிய பெருங்கடுங்கோ, பிடியின் பசியைப் போக்கக் களிறு யாமரத்தின் பட்டையை உரிப்பதைக் காட்டுகின்றார். கலித்தொகையின் பாலைக்கலியிலும், கன்று கலக்கிய சிறிதளவு நீரை முதலில் பிடிக்கு ஊட்டிப் பின் தான் உண்ணும் களிற்றைக் காண்கின்றோம். இவ்விடத்து நம் உரையாசிரியர் பலரும், இக்காலத்துத் திறனாய்வாளரும், “விலங்கும் அன்புடையதே” என வியந்து நின்றுவிடுவர். யாமும் நெடுங்காலம் வகுப்பில் அவ்வாறே கற்பித்தோம். இன்று அதனைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

விலங்கியலார் கண்ட உண்மை இது: யானைக் கூட்டத்தை நடத்துவது முதுபிடி, பிடிகளும் கன்றுகளும் ஒன்றாய் வாழும், களிறு பருவம் எய்தியபின் கூட்டத்தை விட்டுப் பிரிந்து பெரும்பாலும் தனித்தே திரியும். பட்டையுரித்து உண்பது யானையின் இயல்பே. பிடிக்காக உரிப்பது, பிடிக்கு ஊட்டிப் பின் உண்பது என்பன மனித இல்லறத்தைக் களிற்றின்மேல் ஏற்றிக் கண்டவை. அங்ஙனமாயின் புலவரும் முகமூடியே மாட்டினாரோ எனின், இல்லை என்போம். குறுந்தொகைப் பாட்டு தோழி கூற்று. கலித்தொகைப் பாட்டு தலைவி கூற்று. பொருள் தேடச் சென்றவன் வருவானோ என ஏங்குபவளை ஆற்றுவிக்கத் தோழிக்கு அக்களிறு வேண்டியிருக்கின்றது. தலைவியோ தலைவன் முன்னர்த் தன்னிடம் கூறியவற்றையே பற்றுக்கோடாகக் கொண்டு தன்னைத் தேற்றிக்கொள்கின்றாள். களிறு அன்புடையது என்று புலவர் சான்று கூறவில்லை. பிரிவின் துயரில் நிற்கும் ஒருத்தி அவ்வாறு காண்கின்றாள் என்றே காட்டினார். மனித இயல்பை ஏற்றியவர் யார், எந்நிலையில் நின்று ஏற்றினார் என்பது பாட்டினுள்ளேயே தெரிகின்றது.

சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வாரற்க என மறித்துக் கைகாட்டுவன போன்று அசைந்த இடமும் இத்தகையதே. தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றம் எனப் பெயரிட்டு, இயங்கும் பொருள், இயங்காப் பொருள் என இரண்டாக வகுத்தது. அப்பெயரில் ‘தன்’ என்னும் சொல் நிற்பதை நாம் போதிய அளவு கருதுவதில்லை. குறிப்பு பொருளினுடையது அன்று. தன்னுடையது, அஃதாவது கூறுவோனுடையது. கொடி மனிதனாகிவிடவில்லை. நிகழப்போவதை அறிந்த ஒருவர் கொடியைப் பார்க்கின்றார். ஆகவே, விலங்கிலும் பொருளிலும் மனித இயல்பு காட்டும் எக்கலையையும் ஆராய்வோர் முதற்கண் எழுப்ப வேண்டிய வினா, ‘இது யாருடைய கூற்று’ என்பதே. உருவம் எத்துணை ஒத்திருக்கின்றது என்பதெல்லாம் பின்னர் வருவது.

இவ்வினாவோடு உண்ணி யானைகளிடம் மீள்வோம். இக்காட்சியின் தலையாய சிறப்பு, இவ்வுருவங்கள் பொதுவான யானையைக் காட்டாமையே. கூடலூரில் மனிதரோடு ஒட்டி வாழும் குறிப்பிட்ட யானைகளை மாதிரியாகக் கொண்டு இவை செய்யப்பட்டன. தேயிலைத் தோட்டத்தில் நாளும் கண்ட யானையின் நெற்றிப் புடைப்பும், கொம்பின் வளைவும், கிழிந்த செவியோரமும் கைவினைஞர்க்குப் பழக்கமானவை. பெட்டக்குறும்பரிற் பலர் முதுமலையில் யானைப்பாகராகவும் காவடியாகவும் தலைமுறை தலைமுறையாகப் பணிசெய்தவர். அவர்கள் யானைக்கு மனித இயல்பை வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்ற வேண்டியதில்லை. அயலாரை அடையாளம் காண்பதுபோல் யானையை அடையாளம் காண்கின்றனர். அடையாளம் காண்பதினின்றே ஆளுமை பிறக்கின்றது.

ஈண்டு மரபியல் நமக்குத் துணைசெய்யும். ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்த ஆசிரியர் மக்களை ஆறறிவுயிர் என்றார். அங்ஙனம் கூறியபின் விலங்கினுள் ஒரு சாரனவும் அவ்வறிவுடையன என்னும் கருத்தும் ஆங்குக் காணப்படுகின்றது. கிளி, குரங்கு, யானை ஆகியவற்றை உரைகாரர் எடுத்துக்காட்டுவர். அதே இயலில் இளமைப் பெயர் கூறுமிடத்து, மக்களின் இளமைக்குக் குழவி, மகவு என்னும் இரண்டே உரியன என வரையறுத்தார். அவ்விரண்டனுள் ஒன்றாகிய குழவி என்னும் பெயர் யானைக்கும் கொடுக்கப்பட்டுள்ளது. மகவு என்பதோ கொடுக்கப்படவில்லை. யானையை மக்களுக்கு அருகில் ஓரளவு கொணர்ந்து, ஓரெல்லையில் நிறுத்திய நுட்பம் இது. யானையும் மனிதரும் ஒன்றே என உருகுவதும், யானை வெறும் விலங்கே என ஒதுக்குவதும் மரபியலார்க்கு உடன்பாடல்ல.

‘ஒரு சார்’ என்பதற்கு உரைகாரர் இனம் எனப் பொருள்கொண்டனர். யாம் இங்கு ஓர் ஐயத்தை முன்வைக்கின்றோம். நீலகிரி–வயநாட்டு நாயக்கரிடையே வாழ்ந்து ஆராய்ந்த நூரித் பேர்ட்-டேவிட் என்னும் மானிடவியலார் 1999-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அரிய செய்தியொன்றைக் குறிக்கின்றார். குடிசைகளுக்கு இடையே ஊறு செய்யாது நடந்து சென்ற யானையை அம்மக்கள் தெய்வத்தன்மை வாய்ந்த உறவாகக் கொண்டனர். குடிசைகளை மிதித்த யானையையோ வெறும் யானை என்றனர். கல்லும் அவ்வாறே: ஒருத்தியை நோக்கி வந்த கல் உறவு, ஏனைய கற்கள் கற்களே. இவர்கள் கருத்தில் யானை என்னும் இனம் முழுதும் ஆளாகிவிடவில்லை. நம்மோடு நடந்துகொண்ட முறையால் இவ்வியானை ஆளாயிற்று. விலங்கினுள் ஒரு சார் என்பதை இனமாகக் கொள்ளாமல், இனத்தினுள் சில தனி உயிர்களாகக் கொள்ள இடமுண்டா? சொற்கிடக்கை இதனைத் தடுக்கவில்லை. ஆயின், அதன் முன்னும் பின்னும் வரும் நூற்பாக்கள் இனங்களையே கூறிச்செல்வதால் துணிந்து உரைக்கின்றிலோம். மலைவாழ் மக்களின் வழக்காற்றைப் பேரளவில் தொகுத்தாலன்றி இவ்வையம் தீராது.

இனி, குறை. காட்சி மலையினின்றும் இறங்கிப் பெருநகரங்களை அடைந்தபோது கூற்று மாறிவிட்டது என்பதே எம் மதிப்பீடு. லால்பாக்கில் யாம் நின்ற இடத்திற்கு அருகில் செவி விரித்துத் தலை நிமிர்ந்த களிறொன்று இருந்தது. குடும்பத்தோடு வந்த ஒருவர் தம் மகளிடம் அது மகிழ்ச்சியாய் வரவேற்கின்றது என விளக்கினார். கூடலூர்த் தோட்டத் தொழிலாளி ஒருவர் அந்நிலையைக் கண்டால் வரவேற்பை எண்ணார். ஓடுவதற்கு வழி தேடுவார். தலையுயர்த்திச் செவி விரித்து நிற்றல் யானையின் எச்சரிக்கை. மெய்ப்பாடு உடலிற் புலப்படுவது. அதனைப் படிக்கும் கண் இல்லாதவிடத்து வெகுளி உவகையாய்த் தோன்றும். செய்தவர் பிழை செய்யவில்லை, கண்டதைச் செய்தனர். கண்டவர் தம் குறிப்பை ஏற்றினர். இடையே இருந்து கூறுவதற்குத் தோழி ஒருத்தி இல்லை.

இது சிறு குறையன்று. அச்சமும் அன்பும் ஒரே யானையிடத்து இருப்பதைச் சங்கப் புலவர் மறைத்ததில்லை. பிடியின் பசி தீர்க்கும் களிறு பாலைப்பாட்டில் வரும். இரவுக்குறிக்கு வரும் தலைவனைக் கொல்லக்கூடிய களிறு குறிஞ்சிப்பாட்டில் வரும். அவ்வழியின் ஏதம் அஞ்சித் தலைவி உறங்காள். அகப்பாடல்களை ஒருங்கு வைத்துக் கற்பார்க்கு இரண்டும் சேர்ந்தே யானை. பூங்காவில் நின்றவையோ தொட்டுப் பார்க்கத் தக்கன. தொடுமாறு அழைக்கவும் பட்டன. அன்பின் பாதி கடல் கடந்தது. அச்சத்தின் பாதி கூடலூரிலேயே தங்கிவிட்டது. யானையால் உயிரிழந்தோரின் இல்லங்களும் அவ்வூரில் உள; அவர்தம் அண்டை வீட்டாரே இவ்வுருவங்களைச் செய்தவர்கள். அவர்கள் அச்சத்தை அறிந்தும் யானையை வெறுக்காமல் அருகில் வாழ்கின்றனர் என்பதே இக்காட்சி உலகிற்குக் கூறத்தக்க அரிய செய்தி. அச்சத்தை நீக்கிவிட்டால் அதன் பெருமை பாதியாய்க் குறையும். எஞ்சுவது பொம்மையின் இனிமையே.

அன்பின் பாதி மட்டும் நீலகிரியிலேயே போதுமானதாய் இருந்ததில்லை என்பதும் ஈண்டு நினையத்தக்கது. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் பொருளொன்று எறியப்பட்டு ஒரு களிறு தீப்புண்பட்டு இறந்தது. அவ்வாண்டே இலண்டன் பூங்காக்களில் உண்ணி யானைகள் நின்றன. அதே மசினகுடிப் பகுதியில் கால்பந்து வீரர் பெயரால் ரிவால்டோ என அழைக்கப்பட்ட யானையும் வாழ்ந்தது. பந்தலூரில் பிடிக்கப்பட்டு விடப்பட்டபின் 2023 ஜனவரியில் கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் மீண்டும் பிடிபட்ட மக்னா யானைக்கோ, பி.எம். 2 என எழுத்தும் எண்ணுமே பெயராயின. ஊரார் இட்ட பெயர் விளித்தற்கு உதவும். பதிவேட்டு எண் விளித்தற்கு உதவாது. “போ, பி.எம். 2” என எவரும் கதவருகே நின்று கூறார். விளிக்கத் தகாத பெயரைப் பெற்ற உயிர், கேட்பது போலவும் அமையாது. செய்யுளியல் நூற்பாவின் வாழ்வுப் பயன் இதுவென யாம் கருதுகின்றோம்.

தோதவர் தம் எருமைகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டு அழைப்பதை ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலிலேயே விரிவாகப் பதிந்தார். எமனோ தொகுத்த தோதவர் பாடல்கள் 1971-இல் வெளிவந்தன. நீலகிரியின் பழங்கல்லறைகளில் கிடைத்து இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள மட்கல மூடிகளின்மேல் எருமை முதலிய விலங்குகள் அமர்ந்திருப்பதையும் அன்பர் பலர் கண்டிருக்கலாம். பிரீக்ஸ் அவற்றை அகழ்ந்தெடுத்துத் தொகுத்தார். அவர் நூல் 1873-இல் வெளிவந்தது. ஆக, எழுத்திலும் மண்ணிலும் நீலகிரி விலங்குகள் நமக்குக் கிடைத்துள்ளன. தமிழ்த்துறையார் இதுவரை தொடாதது, விலங்கை விளிக்கும் பேச்சு. யானையை, காட்டெருமையை, கரடியை, சிறுத்தையை மலைமக்கள் எச்சொல்லால் அழைக்கின்றனர்? முறைப்பெயர் இடுவரோ? பன்மை விகுதி தருவரோ? வாழ்த்து, வேண்டல், கண்டிப்பு இவற்றுள் எது முதலில் வருகின்றது? படகர், இருளர், குறும்பர், பணியர், இலங்கையினின்றும் மீண்டு வந்து தோட்டங்களில் குடியேறிய தமிழர் ஆகியோரிடையே இது வேறுபடும். எம் துறை மாணவர் இருவர் காந்தலிலும் கூடலூரிலும் இத்தொகுப்பைத் தொடங்கியுள்ளனர்.

தொகுப்பேட்டின் முதற்பதிவு அடுத்த வீட்டு மூதாட்டியாருடையது. இலக்கண வகையால் அஃது ஏவல், விளி, காரணம் மூன்றும் அமைந்த தொடர். ஏவல் ஒருமையிலும், விளி தெய்வப் பெயராலும் வந்தன. காரணம் கூறியவிடத்து, “எங்கள் பிள்ளைகள்” என்னாது வாளா “பிள்ளைங்க” என்றமை குறிக்கத்தக்கது.